அத்தியாயம் 6: மேல்மாடியில் இடிப்பது யார்?

ஈப்போவிலோ கிள்ளானிலோ ராத்திரி முழுக்க விசிறி ஓடும், ஏர்கோன் உறுமும். அந்த இரைச்சல் ஒரு திரை மாதிரி. பக்கத்து வீட்டு டிவி, மேல்வீட்டு நாற்காலி, குழந்தையின் அழுகை எல்லாம் அதற்குள் அமுங்கிவிடும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே விசிறிக்கு வேலையில்லை, போர்வைக்குத்தான் வேலை. ஊர் அடங்கியபின் மேல்மாடியில் ஒருவர் செருப்பைக் கழற்றிப் போட்டால் அது நம் தலைமாட்டில் விழுந்தது போலிருக்கும். கீழேயிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியர்களும் தாதியரும் முதல் மாதத்திலேயே "இந்தக் கட்டடத்துச் சுவர் மெலிசு" என்பார்கள். சுவர் எல்லா ஊரிலும் ஏறக்குறைய அதே சுவர்தான். சத்தத்தை மூடி மறைக்கிற இரைச்சல் இங்கே இல்லை, அவ்வளவுதான்.

பள்ளத்தாக்குக்கும் இதில் பங்கு உண்டு. மேகமோ காற்றோ இல்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே உள்ள காற்று சற்றுச் சூடாகவே நிற்கும். அப்போது மேல்நோக்கிக் கிளம்பும் ஒலி வளைந்து திரும்பக் கீழே இறங்குகிறது. பகலில் காதில் விழாத எதிர்மேட்டுக் கரோக்கே ராத்திரி பதினொன்றுக்கு அடுத்த வீட்டில் நடப்பதுபோல் கேட்பது இதனால்தான். தவறான கதவைத் தட்டி, செய்யாத தப்புக்கு ஒருவரைக் கடிந்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கதவு பிறகு பண்டிகைக்குக்கூடத் திறக்காது. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே வேலையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: சத்தத்தை நிறுத்தக்கூடிய ஆள் யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பல சமயம் அது சத்தம் போடுகிறவராக இருக்காது.

லயத்துக் கடிகாரம்

1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. கொழுந்தெடுக்க வந்த தமிழர்கள் லயங்களில் குடியேறினார்கள். ஒரே கூரை, வரிசையாக வீடுகள். பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் இருமினால் நான்கு வீடு தள்ளி "வெந்நீர் குடிடா" என்று குரல் வரும்.

அந்தக் காலத்தில் சத்தம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். முழுக்க நம்ப வேண்டாம். சம்பள நாளில் குடித்துவிட்டுக் கத்தியவர்களைப் பற்றியும் அவர்களே கதை சொல்வார்கள். ஆனால் லயத்துக்கு ஒரு வசதி இருந்தது. காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒரே நேரத்தில் படுத்தார்கள். அடுக்குமாடியில் அது போய்விட்டது. ஒரு வீட்டில் ராத்திரி முறை முடிந்து காலை எட்டுக்குத் தூங்கப் போகும் தாதி. அடுத்த வீட்டில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். நள்ளிரவில் கிளம்பினால்தான் விடியும் முன் கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் சரக்கை இறக்கலாம். மேல்மாடியில் ஹோட்டல் சமையற்காரர், பன்னிரண்டு மணிக்கு வந்துதான் அவருக்கு இரவுச் சாப்பாடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று விசாரித்துப் பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும்.

இதில் நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. இப்போது தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் நிறைய. "பதினொன்றரைக்கு மேல்தான் போனில் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள்" என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வார்கள். வங்காளதேசம் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால்; நேப்பாளம் இரண்டேகால் மணி நேரம். இங்கே பதினொன்றரை என்றால் டாக்காவில் ஒன்பதரை. வீட்டு வேலை முடித்து, பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மனைவி போனை எடுக்கும் நேரம் அது. பேசாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பின்கட்டிலோ, படுக்கையறை ஒட்டாத பக்கத்திலோ நின்று பேசச் சொல்லலாம். இதைச் சைகையால் காட்டினாலே புரிந்துகொள்கிறார்கள்.

முதலில் காது, பிறகு வாய்

சத்தம் இரண்டு வழியாக வரும். பேச்சு, பாட்டு, நாய்க் குரைப்பு காற்றில் வரும். சன்னல் இடுக்கிலும் கதவடியிலும் நுழையும். நடை, நாற்காலி இழுப்பு, உரலில் இடிப்பது, சலவை இயந்திரம் இவை கட்டடத்தின் உடம்பு வழியாக வரும். இரண்டாவது வகைதான் ஏமாற்றும். கான்கிரீட் தளத்தில் ஓடும் அதிர்வு குறுக்கேயும் போகும், இரண்டு மாடி தாண்டியும் இறங்கும். நேர் மேலே இடிப்பதாகத் தோன்றுவது மூலைவாட்டு வீடாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. உங்கள் குளிர்பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுக் கேளுங்கள். சுவரில் காதை வையுங்கள். பிறகு மாடிப்படிக்குப் போய் நின்று கேளுங்கள். பக்கவாட்டு வீட்டாரிடம் "உங்களுக்கும் கேட்குதா, எந்தப் பக்கம்?" என்று விசாரியுங்கள். இரண்டு இரவு போதும்.

ராத்திரி மேல்வீட்டில் கோலி உருளுகிற சத்தம் என்று ஒன்று உண்டு. மேல்வீடு பூட்டிக் கிடக்கும், ஆனால் கோலி உருளும். இதை வைத்துப் பேய்க்கதை கட்டாத அடுக்குமாடி மலேசியாவில் இருக்காது. பெரும்பாலும் அது தண்ணீர்க் குழாயின் வேலை. குழாயைச் சட்டென்று மூடும்போது உள்ளே ஓடும் நீர் முட்டி அதிரும். வெயில் இறங்கிக் குளிர் ஏறும் நேரத்தில் தகரக் கூரை சுருங்கிச் சொடுக்குவதும் இங்கே சகஜம். இதற்கெல்லாம் பக்கத்து வீட்டாரும் பூசாரியும் தேவையில்லை, குழாய்க்காரரும் தச்சரும் போதும்.

கதவைத் தட்டுவது எப்படி

சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது போகாதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகம் உங்கள் வசம் இருக்காது. மறுநாள் சாயங்காலம், ஆறு ஏழு மணிவாக்கில், தனியாகப் போங்கள். கணவன், மாமனார், தம்பி என்று மூன்று பேர் கதவில் நின்றால் கேட்பவருக்கு அது பஞ்சாயத்தாகத்தான் தெரியும். கையில் ஏதாவது இருந்தால் நல்லது: தொட்டியில் வளர்ந்த கீரை, சுட்ட வடை நாலு.

முதல் பேச்சில் குற்றம் இருக்கக் கூடாது. உங்கள் தேவை மட்டும் இருக்கட்டும். ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள், நேரத்தோடு கேளுங்கள். "கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, சாப்டாச்சா? நான் கீழ் வீடு. ஒன்னு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. அம்மா காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வேலைக்குப் போறாங்க. ராத்திரி பத்துக்கு மேல அந்த ஸ்பீக்கர மட்டும் தரையில வெக்காம மேசை மேல வெக்க முடியுமாண்ணே? எங்க வீட்டுச் சத்தம் ஏதாச்சும் உங்களுக்குத் தொந்தரவா இருந்தாலும் சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவரும் ஒன்று சொல்வார், நிச்சயமாகச் சொல்வார். உங்கள் பையன் மாடிப்படியில் பந்து உதைப்பதை மூன்று மாதமாகப் பொறுத்துக்கொண்டிருந்திருப்பார். இரண்டு பக்கமும் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கினால் அந்த ஏற்பாடு நிற்கும்.

மலாய்க்காரர் வீடென்றால் "மாஃப் பாங், மாலாம் போலே பெர்லாஹான் சிக்கிட்? அனாக் சாயா நாக் தீடோர்" என்பது போதும், பெண்ணாக இருந்தால் பாங் என்பதற்குக் காக். சீன முதியவர்களை அங்கிள், ஆண்ட்டி என்றே கூப்பிடலாம். மொழி திக்கினாலும் பரவாயில்லை. திக்கிப் பேசுகிறவர் மேல் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் கோபம் வராது.

பத்து மணி என்று நான் சொல்வது சும்மா இல்லை. சுற்றுச்சூழல் துறையின் ஒலி வழிகாட்டி இரவு என்று கொள்வது 10 மணியிலிருந்து காலை 7 வரை. எந்தக் கதவிலும் இந்த எல்லையைச் சொல்லலாம். "எனக்குத் தூக்கம் வரும் நேரம்" என்று சொல்வதைவிட இதற்கு மரியாதை அதிகம்.

எதைக் கேட்பது என்பதும் சத்தத்துக்குச் சத்தம் மாறும். சம்பல் இடிக்கும் கல் உரல் என்றால், இடிக்காதே என்று கேட்டு நடக்காது. உரலுக்கு அடியில் ஈரத்துண்டை நாலாக மடித்துப் போடச் சொல்லுங்கள், பாதிச் சத்தம் அங்கேயே செத்துவிடும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி ஒரு டஜன் வாங்கி நீங்களே கொடுத்துவிடுங்கள். வாங்கித் தருவது எனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்பீர்கள். தூக்கத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சலவை இயந்திரத்துக்குத் தடித்த ரப்பர் விரிப்பு. குழந்தை ஓடுவதற்கு ஒன்றும் செய்ய முடியாது; அது வளரும்.

உறுமி மேளம் தனி அத்தியாயம் எழுதத் தகுந்த விஷயம். தைப்பூசத்துக்குச் சில வாரம் இருக்கும்போதே பையன்கள் பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பத்து உறுமி ஒன்றாக முழங்கினால் மூன்று கட்டடத்துக்குக் கேட்கும். இங்கே "நிறுத்துடா" என்று மாடியிலிருந்து கத்துகிறவர் ஊருக்கே விரோதி ஆகிவிடுவார். குழுத் தலைவனைப் பிடியுங்கள், அல்லது அவன் மதிக்கும் கோயில் தலைவரை. கோயில் மண்டபம், பள்ளித் திடல், தோட்டத்துப் பந்துத் திடல் என்று வேறு இடம் பார்த்துத் தர நீங்களே முன்வாருங்கள். ஒன்பதரைக்கு முடித்துக்கொள்ள ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பதும், பதிலுக்கு நாம் பாட்டுப் போடுவதும் ஒருநாள் திருப்தி. அடுத்த நாள் நிர்வாக ஆபீசில் புகார் உங்கள் பெயரில் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் "சில பேருக்குப் பண்பே இல்லை" என்று போடுவதும் அதே ரகம்.

பொறுத்துத்தான் ஆக வேண்டியவை

சட்டம் எல்லாச் சத்தத்துக்கும் மருந்து வைத்திருக்கவில்லை. லண்டனில் சவுத்வார்க் நகராட்சிக் குடியிருப்புகளில் அடுத்த வீட்டுப் பேச்சும் கழிப்பறைச் சத்தமும்கூடக் கேட்கும் அளவுக்குச் சுவர்கள் மோசமாக இருந்தன. குடியிருந்தவர்கள் பிரபுக்கள் சபைவரை வழக்கு கொண்டுபோனார்கள். 1999-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அண்டை வீட்டார் சாதாரணமாக வாழ்வதால் எழும் சத்தம் சட்டத்தின் பார்வையில் தொந்தரவு ஆகாது என்றார்கள். நம் நாட்டு நீதிமன்றங்கள் ஆங்கிலேயத் தீர்ப்புகளையும் எடுத்துப் பார்ப்பவை என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நடை, இருமல், சமையல், குளியல், அழும் குழந்தை: இவற்றை எடுத்துக்கொண்டு புகார் எழுத உட்கார வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறவர்

இந்த மலையின் உண்மையான தலைவலி வேறு. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அடுக்குமாடி வீடுகள் பல வெளியூர்க்காரர்களுக்குச் சொந்தம். வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் நாள்வாடகைக்கு விடப்படுகின்றன. வெள்ளிக்கிழமை ராத்திரி மூன்று கார், பன்னிரண்டு பேர், வராந்தாவில் கறி சுடும் அடுப்பு, பாட்டு. நீங்கள் கீரையோடு போய் அண்ணே என்று கூப்பிட்டுப் பயனில்லை. ஞாயிறு மதியம் அவர் போய்விடுவார், அடுத்த வெள்ளி வேறொருவர் வருவார். நீங்கள் பேச வேண்டியவர் வீட்டு உரிமையாளர். சத்தம் நடக்கும்போது கூப்பிட வேண்டியவர் ஜாகா, அதாவது கட்டடக் காவலாளி. உரிமையாளரின் போன் எண்ணை நிர்வாக ஆபீசிலிருந்து சத்தம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை வாங்கி வையுங்கள். தர மறுத்தால் அவருக்குச் செய்தியை அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

இங்கே சட்டம் உங்கள் பக்கம் சற்றுப் பலமாகவே நிற்கிறது. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் (சட்டம் 757) அதன் கீழ் 2015-ல் வந்த ஒழுங்குமுறைகளும் உரிமையாளர்களை மட்டுமல்ல, வாடகைக்காரர், தங்குகிறவர் எல்லாரையும் கட்டுப்படுத்தும். பிறர் அமைதியாக வாழ்வதைக் கெடுக்கும் சத்தத்துக்கு அதில் தடை உண்டு. கட்டடத்து நிர்வாகக் குழு கூடுதல் விதிகளையும் போட்டுக்கொள்ளலாம். அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் அறிவிப்பு, விழுந்த செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு.

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை கோலாலம்பூர் மோன்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் காட்டியது. அங்கே நிர்வாகம் குறுகிய கால வாடகையைத் தடை செய்து, மீறினால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் அபராதம் என்று விதி போட்டது. நாள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த உரிமையாளர்கள் எதிர்த்தார்கள்; சொத்தைக் கைமாற்றுவதையோ குத்தகைக்கு விடுவதையோ நிர்வாகம் தடுக்கக் கூடாது என்ற பிரிவைக் காட்டினார்கள். 2020-ல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாள்வாடகைக்குத் தங்குவது குத்தகையே ஆகாது, வெறும் அனுமதிதான். ஆகவே நிர்வாகத்தின் தடை செல்லும் என்றது.

கேமரன் மலையில் இந்தத் தீர்ப்பை அப்படியே கொண்டுவந்து முழுத்தடை போடுவது நடக்காத காரியம் என்பது என் எண்ணம். கூட்டத்தில் வாக்குப் போடும் பலரே வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள். ஆனால் பத்து மணிக்கு மேல் வெளியில் பாட்டு கூடாது, ஒரு வீட்டில் இத்தனை பேர்தான், சாவி கொடுக்கும்போதே இந்த விதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டால் அவர்களும் கை தூக்குவார்கள். நல்ல பெயர் கெட்டால் அவர்களுக்கும் வாடகை போகும்.

நம்மவர்கள் செய்கிற ஒரு தவறு: "சத்தத்தை நிறுத்தாதவரை பராமரிப்புக் கட்டணம் கட்ட மாட்டேன்" என்று வீம்பு பிடிப்பது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு கட்டணம் பாக்கி இருந்தால் உங்களுக்கு வாக்கு கிடையாது. மாற்ற வேண்டிய விதிக்கு வாக்குப் போடும் நாளன்று வாயடைத்து உட்கார்ந்திருப்பீர்கள்.

காகிதம்

இரண்டு முறை பேசியும் மாறவில்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உணர்ச்சி வேண்டாம், விவரம் போதும்: "சனி, இரவு 11.20 முதல் 1.05 வரை. நேர் மேல்வீடு, வராந்தா. கரோக்கே. ஜாகாவிடம் 11.40-க்குச் சொன்னேன். குழந்தை இரண்டு முறை எழுந்தாள்." மூன்று வாரம் எழுதுங்கள். கைபேசியில் சத்தம் அளக்கும் செயலியைத் துல்லியமான கருவியாக நம்ப வேண்டாம். ஆனால் வழக்கமான இரவுக்கும் அந்த இரவுக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டும். 10 டெசிபெல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் படுக்கையறைக்குச் சொன்ன அளவு 30 டெசிபெல். பதிவு செய்யும்போது உங்கள் வீட்டுக்குள் நின்று செய்யுங்கள். அடுத்தவர் சன்னலுக்குள் கேமராவை நீட்டினால் குற்றவாளி நீங்கள்தான்.

புகாரை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் சாப் குத்தி வாங்குங்கள். நிர்வாகம் அசையாவிட்டால் கட்டட ஆணையர், அதாவது பெசுருஹ்ஜாயா பங்குனான். உள்ளாட்சி மன்றம் வழியாக அவரை அணுக வேண்டும். நமக்கு அது தானா ராத்தாவிலுள்ள மாவட்ட மன்றம். அதற்கு மேல் வீடமைப்பு அமைச்சின் கீழ் உள்ள அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம். 250,000 ரிங்கிட்வரை கோரலாம், பொதுவாக வழக்கறிஞர் தேவைப்படாது, விசாரணை தொடங்கி 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை மீறுவது குற்றம். மூன்றாண்டுச் சிறைவரை போகும். வாடகைக்கு இருப்பவர் என்றால் நடுவர் மன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் வழக்குப் போட முடியும். வீட்டு உரிமையாளரைப் போடச் சொல்வது சுலபம்.

போலீஸ் என்பது கைகலப்பு, மிரட்டல், குடித்துவிட்டுக் கதவை உடைப்பது போன்றவற்றுக்கு. அப்போது தயங்காமல் 999. வெறும் பாட்டுச் சத்தத்துக்குப் போனால் வந்து குறைக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். தண்டனைச் சட்டம் 268-ஆம் பிரிவு பேசுவது பொதுமக்களுக்கான தொந்தரவு, உங்கள் ஒருவர் தூக்கம் அதற்குள் எளிதில் அடங்காது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு படி உண்டு, பலருக்குத் தெரியாது. 1975-ல் தொடங்கிய ருக்குன் தெதாங்கா ராத்திரிக் காவலுக்கு மட்டுமானதல்ல. ஒருமைப்பாட்டுத் துறை அதன் உறுப்பினர்களில் பலருக்குச் சமூக நடுவர் பயிற்சி கொடுத்திருக்கிறது. காசு கிடையாது. இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசச் செய்வார்கள். ஒருவர் சீனர், ஒருவர் தமிழர் என்று இருக்கும் சண்டையில் இவர்கள் மிகவும் உதவுவார்கள்.

தோட்ட லயத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன அடுக்குமாடிச் சட்டம் எதுவும் பொருந்தாது, வீடு தோட்டத்துடையது. தண்டலிடம் சொல்லுங்கள், பிறகு கிராணி, பிறகு மானேஜர். ஒரே வீட்டில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்திருப்பதால்தான் சத்தம் என்றால் அது பக்கத்து வீட்டுக்காரர் குற்றமே அல்ல. தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1990-லிருந்து சட்டம் 446 இருக்கிறது. அந்தப் புகார் போக வேண்டிய இடம் லேபர் ஆபீஸ். சங்கத்தையும் கூடவே அழைத்துப் போங்கள்.

புதிதாக வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஏஜெண்ட் உங்களைப் புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டிப் போவார். மூடுபனியும் குருவிச் சத்தமுமாக இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அந்தக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு கால்மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். ஜாகாவிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த மாடியில் சாவி அடிக்கடி கைமாறுகிறது என்று அவருக்குத் தெரியும்.